நாலு ‘ஏன்’ போட்டாப் பாட்டாகிருமா, அப்புனு?

ஏனப்புனு, அந்தப் பண்டலைச் சித்தெ அக்கட்ட நவுத்து. நானும் உக்கார எடம் வேணுமல்லொ. ஞாயித்துக்கெழமை வந்தாக் காதர்பேட்டையில கால் வெக்க முடியறதில்லை. ஒரு பக்கம் கேரளாக்காரன் மூட்டையை உருட்டறான், இன்னொரு பக்கம் ஆந்திராக்காரன் கிலோ என்ன வெலைன்னு நிக்கறான். அவிங்களைப் பையன் பாத்துக்குவான். நீ வா, உன்ற கவிதையைப் பத்திப் பேசோணும்.

தெரியாதுன்னு நெனச்சயா? உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. பிளெயின் டீ-சர்ட் ஒரு ஸ்டாக் லாட்டு எடுத்து, உன்ற கவிதையை அதுல ஸ்க்ரீன் பிரிண்ட் அடிச்சு விக்கப்போறயாமா. பலே! இத்தனை காலமா இந்தத் தெருவுல நெஞ்சு நெறைய இங்கிலீஷ் எழுதுன பனியனைத்தான் வித்தோம். வித்தவனும் படிச்சதில்லை, மாட்டிட்டுப் போனவனும் படிச்சதில்லை. நம்ம மாரியாத்தா கோயில் பூசாரி ‘நான் ரொம்பக் கெட்டவன்’னு இங்கிலீஷ்ல எழுதுனதைப் போட்டுக்கிட்டு ஒரு நோம்பி பூராத் தீர்த்தம் குடுத்தாரு, ஊரே வாங்கிக் குடிச்சுது. தமிழ்ல அடிச்சாப் படிச்சுப்போடுவாங்களே, அங்கதான் வம்பு.

படிச்சும் ஓடுனது ஒண்ணு இருக்குது. 2020-ல, செப்டம்பர் மாசம், ‘இந்தி தெரியாது போடா’ன்னு ஒரு டீ-சர்ட். சினிமாக்காரங்க அதைப் போட்டுக்கிட்டுப் போட்டோ போட்டாங்க, திருப்பூருக்கு ஆர்டர் வந்துச்சு. அதுல எதுகையும் கெடையாது, மோனையும் கெடையாது. ரோசம் இருந்துச்சு, ஓடுச்சு. உன்ற கவிதையில ரோசத்தைக் காணோம். அதனாலதான் எதுகையாச்சும் இருக்கட்டும்னு சொல்ல வந்தேன்.

எங்க, போனைக் குடு பாக்கலாம்.

‘உன்னை நினைத்தேன், சோற்றை மறந்தேன், சாலையில் நடந்தேன், லாரியில் மோதப் பார்த்தேன்.’ அடடா! வரிக்கு ஒரு ‘ஏன்’, நாலு வரிக்கு நாலு ‘ஏன்’. படிக்கறவனும் அதையேதான் கேப்பான், ஏன்னு.

மூஞ்சியைத் தூக்கி வெக்காதே. காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க, ‘ரைம் ஸ்கீம்’ அப்புச்சிங்கறே. ஸ்கீமுன்னு காதுல விழுந்தாலே எனக்கு அடிவயிறு கலங்குது கண்ணு. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி ஸ்கீமுன்னு சொல்லி 2012-ல ஊரையே மொட்டையடிச்சாங்க பாரு, அப்பயிருந்து எவன் ஸ்கீமுன்னாலும் மடியைத் தொட்டுப் பாத்துக்குவேன். சரி, உன்ற ஸ்கீமையும் கேட்டு வெப்போம். ஷேக்ஸ்பியர் 14 வரியில பாட்டுக் கட்டுவாராமா. ஏ பி ஏ பி, சி டி சி டி, இ எஃப் இ எஃப், கடைசி ரெண்டு வரிக்கு ஜி ஜி. ஏழு ஓசை, ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை. கணக்குச் சரியாத்தான் இருக்குது. நல்ல மனுசன், கையில வேலை இருந்துச்சு.

ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாரு. அவிங்க பாசையில வரிக் கடைசியில எந்த வார்த்தை வேணும்னாலும் வந்து நிக்கும். அதுக்குச் சோடி தேடறதுக்குள்ள மண்டை காஞ்சு போகும். நம்ம பாசை அப்பிடியா? வினைச்சொல்லுத்தான் கடைசியில வந்து நிக்குது. அதுக்குப் பொறகால வாலு தன்னால ஒட்டிக்கும். நான்னா ‘ஏன்’, அவன்னா ‘ஆன்’, அவள்னா ‘ஆள்’, அவிங்கன்னா ‘ஆர்கள்’. வாயைத் தொறந்தாலே கடைசி ஓசை ஒத்துப்போகுது. ‘பால் ஊத்துனேன், காசு கேட்டேன், நாளைக்குன்னீங்க, போயிட்டேன்’னு பால்காரன் சண்டைக்கு வந்தாக்கூட முக்காலே மூணுவீசம் கவிதைதான். சும்மா கெடைக்கற சரக்குக்கு எவன் காசு குடுப்பான்? அதுக்குத்தான் நம்ம பாட்டன்மாரு பாடுபடறதை எல்லாம் கொண்டுபோயி வரிக்குத் தலமாட்டுல போட்டாங்க.

நீ பனியனை மடிச்சு அட்டாலியில அடுக்கி வெக்கறே. வர்றவன் கண்ணுல மொதல்ல படறது எது? காலரு. காலரு கோணலா இருந்தா அவன் விரிச்சே பாக்கமாட்டான். அடிமடிப்பைப் பாக்கறது ரெண்டாம் பட்சம். இங்கிலீஷ்காரன் தன்னோட வேலைப்பாட்டை அடிமடிப்புல காட்டுனான், நம்மாளு காலர்ல காட்டுனான். நீ தமிழ்ச் சட்டையில காலரை விட்டுப்போட்டு அடிமடிப்புக்கு ஜரிகை வெச்சுட்டு நிக்கறே.

நானென்ன பெரிய படிப்பாளியா, நாலாங்கிளாஸ். திண்ணையில ஒரு கவிராயர் சொல்லக் கேட்டதுதான். ஆயிரம் வருசத்துக்கு முன்னால அமிதசாகரர்னு ஒரு சமண முனிவர், யாப்பருங்கலக்காரிகைன்னு ஒண்ணு எழுதி வெச்சாரு. துறவிதான். ஆனாப் பாட்டுல எல்லாம் ஒரு பொண்ணைக் கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் இலக்கணத்தையே சொல்றாரு. அப்பிடிச் சொன்னாத்தான் உன்ற மாதிரிப் பசங்க உக்காந்து கேப்பாங்கன்னு தெரிஞ்சிருக்குது. அதைப் படிச்சவங்களுக்கு வேற பயம். காரிகை படிச்சுப் பாட்டுக் கட்டறதுக்குப் பேரிகை கொட்டிப் பொழைச்சுக்கலாம்னு ஒரு சொலவடையே உண்டு. திட்டறவனும் பாரு, காரிகை பேரிகைன்னு எதுகை வெச்சுத்தான் திட்டறான்.

அதுதான் எதுகை. ரெண்டாவது எழுத்து ஒத்து வரோணும். அதோட மொத எழுத்துக்கு அளவு ஒண்ணா இருக்கோணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ சேரும், ‘பாட்டு’ சேராது. ‘நூலு’க்குக் ‘காலு’ சேரும், ‘கல்லு’ சேராது. நீ போன மாசம் எழுதிக் காட்டுனதுல ‘தட்டு’க்குக் கீழ ‘மாட்டு’ன்னு கட்டியிருந்தே. தட்டுல ‘த’ குறிலு, மாட்டுல ‘மா’ நெடிலு. எஸ் சைசு ஒடம்புக்கு எக்ஸெல் கையைத் தெச்சு அனுப்புனா வாங்கறவன் என்ன சொல்வானோ, அதையேதான் காதும் சொல்லுது.

ரொம்பக் கறாருன்னு பயப்படாதே, தள்ளுபடியும் வெச்சிருக்கறாங்க. ய், ர், ல், ழ் இந்த நாலு மெய்யில ஒண்ணு ஊடால வந்து ஒக்காந்துக்கிட்டாக் கண்டுக்காம விட்டுரலாம். ‘தீமை’க்கு ‘வாய்மை’ சேரும், ‘நேர்மை’யும் சேரும். ஆசிடை எதுகைன்னு அதுக்குப் பேரு. இந்தச் சலுகை தெரியாமத்தான் பாதிப் பேரு நல்ல சொல்லைத் தூக்கிப்போட்டு நொள்ளைச் சொல்லைக் கட்டிக்கிட்டு அழுவறாங்க.

மோனை அதைவிட லேசு. மொத எழுத்து ஒண்ணா இருந்தாப் போதும். அதுக்கும் இனம் இருக்குது: ‘ச’வுக்குத் ‘த’, ‘ஞ’வுக்கு ‘ந’, ‘ம’வுக்கு ‘வ’. சட்டை தைக்கறவனுக்கும் மோனை, மடிச்சு வைக்கறவனுக்கும் மோனை. திருப்பூர்ல பொறந்தவனுக்கு எழுத்தே ஒத்தாசை பண்ணுது, நீ என்னடான்னா ‘ஏன்’னு நிக்கறே.

நெசத்துக்கு இதைய ஏட்டுல தேடவேண்டியதே இல்லை. உங்கம்மத்தா உன்னையத் திட்டறதைக் காது குடுத்துக் கேளு. கந்தையானாலும் கசக்கிக் கட்டும்பா. மூணு சொல்லு, மூணுலயும் ‘க’. ஆள் பாதி, ஆடை பாதிம்பா. தலையில ‘ஆ’வும் ‘ஆ’வும் மோனை, கடைசியில பாதியும் பாதியும் இயைபு. தலையும் வாலும் சேந்து நாலே சொல்லுல வந்து விழுகுது. ஆடிப்பட்டம் தேடி விதைம்பா. ‘ஆடி’க்குத் ‘தேடி’, நெடிலுக்கு நெடில், ‘டி’க்கு ‘டி’. அவ எந்தக் காலேஜுக்குப் போனா? அப்பிடிச் சொன்னாத்தான் சொல்லு வாயில நிக்கும், தலைமுறை தாண்டும்னு ஆரோ கண்டுபுடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க.

இன்னொரு காரணமும் இருக்குது. அந்தக் காலத்து ஓலைச் சுவடியில வரியைப் பிரிச்சு எழுதமாட்டாங்க. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வெக்கமாட்டாங்க. ஓலை முடியற வரைக்கும் ஒட்டுக்காக் கீறிட்டே போவாங்க. படிக்கறவனுக்கு அடி எங்க ஆரம்பிக்குதுன்னு எப்பிடித் தெரியும்? எதுகை திரும்ப வர்ற எடந்தான் அடுத்த அடிக்கு வாசப்படி. உனக்கும் இது வேணும். ஸ்க்ரீன் போடற பையன், நெஞ்சுல எடம் பத்தலைன்னா உன்ற வரியை எங்க வேணும்னாலும் ஒடிப்பான். ஒடிச்சாலும் எதுகை இருந்தா ஓசை காட்டிக் குடுத்துரும்.

இதைக் கத்துக்க நீ வெளியூர் போகவேண்டியதில்லை. அவிநாசி ரோட்டுல போனாத் திருமுருகன்பூண்டி. சுந்தரர் சேர நாட்டுல இருந்து திரும்பி வாராரு, சேரமான் பெருமாள் குடுத்தனுப்புன பொன்னும் துணிமணியுமா. பூண்டிகிட்ட வேடனுக மறிச்சு அத்தனையும் புடுங்கிக்கிட்டாங்க. சிவபெருமானே தன்னோட பூதகணத்தை வேடன் வேசத்துல அனுப்புனாருன்னு பெரியபுராணம் சொல்லுது. மனுசன் நேராக் கோயிலுக்குப் போயிச் சாமியையே புடிச்சுக்கிட்டாரு. வழிப்பறி நடக்கற ஊர்ல, வர்றவன் துணியை உருவற ஊர்ல, நீயெதுக்குச் சம்சாரத்தோட குடியிருக்கறேன்னு கேக்கறாரு. பத்துப் பாட்டு, ஏழாந்திருமுறையில 49-ஆவது பதிகம். அதுல ஒம்போது பாட்டுக்கு வாலு ஒண்ணேதான், அந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வருது. ஆனாத் தலையைப் பாரு. மொதப் பாட்டுல நாலு அடிக்கும் ரெண்டாவது எழுத்து ‘டு’. கடைசிப் பாட்டுல நாலுக்கும் ‘ந்’. நாலு தலையிலயும் மொத எழுத்து குறிலு. பொன்னைப் பறிகுடுத்தாரு, துணியைப் பறிகுடுத்தாரு, எதுகையைப் பறிகுடுக்கலை. போன சாமான் எல்லாம் கோயில் வாசலுக்கே திரும்பி வந்துச்சுன்னு சொல்றாங்க. இந்தத் தெருவுல இருந்து துணி போயி, திரும்பி வந்து நான் பாத்ததில்லை. வந்தாலும் டேமேஜுன்னுதான் வரும்.

வாலு ஒண்ணேன்னு சொன்னேன் பாரு, அதைய நம்ம பக்கத்துக் கடை பாய்கிட்டச் சொன்னா ‘ரதீஃப்’ம்பாரு. உருது கஜல்ல ஒவ்வொரு சோடி வரிக்கும் கடைசியில ஒரே சொல்லு திரும்ப வரும், அதுக்கு முன்னால நிக்கற சொல்லு ஓசை ஒத்து வரும், அதுக்குக் ‘காஃபியா’ன்னு பேரு. அப்துல் ரகுமான் அந்தக் கஜலைத் தமிழுக்குக் கொண்டாந்தாரு. பாயோட கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல சீறாப்புராணமும் இருக்குது. உமறுப்புலவர் பாடுனது, 5,027 பாட்டு. அத்தனையும் விருத்தம். விருத்தம்னா நாலு அடிக்கும் ஒரே எதுகை வந்தே ஆகோணும். கால்குலேட்டரைத் தட்டு: 20,108 தலை. நீ ரெண்டு தலைக்கு மூச்சு வாங்கறே.

உனக்கு ஏ ஏ பி பி-ன்னுதான் மனசுல ஏறும்னா, நம்மகிட்டயும் அது இருக்குது. நேரிசை வெண்பான்னு ஒண்ணு. நாலு அடி. மொத ரெண்டு அடிக்கு ஒரு எதுகை. ரெண்டாவது அடிக் கடைசியில கோடு போட்டுத் தனியா ஒரு சொல்லு நிக்கும், தனிச்சொல்லு, அதுக்கும் அதே எதுகை. மூணாவதும் நாலாவதும் அதே எதுகையில போனா ஒரு விகற்பம், வேற எதுகைக்கு மாறுனா இரு விகற்பம். ஸ்கீமு இதுதான், எழுத்தெல்லாம் முன்னால வருதுங்கறது மட்டுந்தான் வித்தியாசம். வெண்பா எழுதுனவங்க எல்லாம் இங்கிலீஷ்காரன் சொல்லித்தானா தெரிஞ்சுக்கிட்டாங்க?

இயைபு வேண்டாம்னு சொல்றனான்னு கேக்காதே. தொல்காப்பியம் மோனை, எதுகை, முரண், அளபெடைன்னு சொல்ற வரிசையில இயைபையும் சேத்தித்தான் வெச்சிருக்குது. மெட்டுக்கு எழுதறவனுக்கு அது வேணும். உடுமலை நாராயணகவி, நம்ம பூளவாடிக்காரரு, 1899-ல பொறந்தவரு. நாடகத்துக்குப் பாட்டெழுதிப் பழகுன கையி, பின்னால என்.எஸ்.கிருஷ்ணனுக்கு எழுதிக் குடுத்தாரு. தலையையும் கட்டுவாரு, வாலையும் கட்டுவாரு. டெண்டுக் கொட்டகையில மண்ணைக் குமிச்சு உக்காந்து கேட்டவனுக்கெல்லாம் பாட்டு மனப்பாடம். வாலு மட்டும் போதும்னு அவரே நெனச்சதில்லை.

இது எல்லாத்தையும் தூக்கி எறிஞ்ச கூட்டமும் நம்ம கோயமுத்தூர்ல இருந்துதான் கெளம்புச்சு, 1971-ல, வானம்பாடின்னு பத்திரிகை போட்டுக்கிட்டு. அதுல இருந்த சிற்பியும் புவியரசும் மரபுல எழுதத் தெரிஞ்சவங்க, அதனால அவிங்க புதுக்கவிதைக்கு வந்தப்பவும் காது ஓசையை மறக்கலை. நீயும் எறி, நான் வேண்டாம்னா சொல்றேன்? எறியறதுக்கு முன்னால கையில ஏதாச்சும் இருக்கோணுமல்லொ.

ஆனா எதுகைப் பைத்தியமும் புடிச்சுரக் கூடாது. இந்த ரெண்டாவது கவிதை ஆருக்கு எழுதுனது? செக்கிங் செக்சன்ல இருக்கறாளே, அந்தப் புள்ளைக்கா? ‘பட்டுச் சேலை கட்டி வந்தாய், குட்டி யானை போல் நின்றாய்.’ கொன்னுபோட்டே, போ! எதுகை சுத்தம், ‘பட்டு’க்குக் ‘குட்டி’, குத்தமே சொல்ல முடியாது. ஆனாக் காதர்பேட்டையில குட்டியானைன்னா எது கண்ணு? இந்தா, வாசல்ல பண்டலை ஏத்திக்கிட்டுப் பொகை விட்டுட்டு நிக்குதே, அந்தச் சரக்கு வண்டிதான். அந்தப் புள்ளை ஏன் டீ குடிக்க அந்தப் பக்கமாச் சுத்திப் போகுதுன்னு இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. எதுகைக்குச் சொல்லைத் தேடறவன் மொதல்ல அந்தச் சொல்லு என்ன சொல்லுதுன்னு கேக்கோணும். சொல்லு வரலைன்னா வரியை மாத்து, பொண்ணை யானையாக்காதே.

உன்ற டீ-சர்ட்டுக்கு நான் சொல்றது குறள் வெண்பாதான். ரெண்டே அடி, மேல நாலு சீரு, கீழ மூணு சீரு, மொத்தமே ஏழு சீரு. எஸ் சைசு நெஞ்சுலகூட அடங்கும். இங்க பாரு, இந்தப் பில்லுக்குப் பொறகால எழுதியிருக்கறேன். ரவைக்குத் தூக்கம் வரலை, அப்ப வந்துச்சு.

பட்டன் அறுந்தாலும் பார்த்தெடுப்பார் பண்டலிலே
ஒட்டாச்சொல் யாரெடுப்பார் ஓர்ந்து.

சிரிக்காமக் கேளு. ‘பட்டன்’, ‘ஒட்டா’: ரெண்டாவது எழுத்து ‘ட்’, மொத எழுத்து ரெண்டும் குறிலு, எதுகை ஆச்சு. மேலடியில ஒண்ணு, மூணு, நாலாவது சீரு ‘ப’வுல ஆரம்பிக்குது, மேற்கதுவாய் மோனைன்னு பேரு. கீழடியில ஒண்ணுக்கும் மூணுக்கும் ‘ஒ’வும் ‘ஓ’வும், பொழிப்பு மோனை. ‘பட்டன்’ தேமா, மாச்சீருக்குப் பொறகு நிரை வரோணும், ‘அறுந்தாலும்’ நிரையில வந்துருச்சு. காய்ச்சீருக்குப் பொறகெல்லாம் நேரு வரோணும், வந்திருக்குது, வேணும்னா அலகிட்டுப் பாத்துக்கோ. ‘ஓர்ந்து’ன்னு காசு வாய்பாட்டுல முடிச்சிருக்கறேன். வாலைப் பாரு: ‘பண்டலிலே’, ‘ஓர்ந்து’. ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லை. எவனாச்சும் குறை கண்டானா?

எனக்குக் கூலி ஒண்ணும் வேண்டாம். நூறு பீஸ் ஓடுனா ஒரு அங்கராக்குத் துணி எடுத்துக் குடு, போதும். வெள்ளையில, முழுக்கையி. பாட்டுக்குக் கீழ என்ற பேரைப் போடறேன்னு கெளம்பிராதே. உன்ற பேரையே பெருசாப் போட்டுக்கோ. தமிழ் வாத்தியாரு எவராச்சும் தளை தட்டுதுன்னு சண்டைக்கு வந்தா, தேடறது உன்னையத்தான தேடுவாங்க.